கணக்கெடுப்போம், வாரீர்!

களத்துமேட்டிலே சிறுவர் நால்வர். நடுவே நிற்பவன் கையில் ஒரு வைக்கோல் துண்டு. அதை விரலிடுக்கில் சுழற்றுகிறான், மேலே எறிகிறான், உதட்டால் கவ்வப் பார்க்கிறான். தவறி விழுகிறது. மற்ற மூவரும் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். அவனோ விடவில்லை, மீண்டும் எறிகிறான்!

மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டத்துக்குச் செல்லும் வழியில் நாம் கண்ட காட்சி இது. அவனுக்கு இந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தது யார்? பள்ளி ஆசிரியரா? இல்லை. பெற்ற தாயா? இல்லை. வெள்ளித்திரை!

இன்று வைக்கோல், நாளை பீடி, மறுநாள் சிகரெட், அதற்கும் மறுநாள் மருத்துவமனை வாசல்! காவிரிக் கரையின் உழவுத் தொழிலாளிக்கு வேலை ஆண்டில் சில மாதங்கள்தான். நடவுக்கு உண்டு, களையெடுப்புக்கு உண்டு, அறுவடைக்கு உண்டு. புகைக்கோ ஓய்வு நாளே கிடையாது. நாளைக்கு ஐந்து சிகரெட் என்றால் ஆண்டுக்கு 1,825. மேட்டூர் திறந்தாலும் அந்தச் செலவு உண்டு. மேட்டூர் வறண்டாலும் உண்டு. புகையிலையால் இந்தியாவில் ஆண்டுதோறும் மாள்வோர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களிலே மாளிகைவாசி எத்தனை பேர், மண்குடிசைவாசி எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

"படத்தைப் பார்த்தா ஒருவன் கெட்டுவிடுவான்?" என்று கேட்கிறார்கள் படமுதலாளிகள். வேறு யாரிடமும் இதைக் கேட்கட்டும். நம்மிடம் கேட்க வேண்டாம். 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி'. மேடையிலே பத்தாண்டு முழங்க வேண்டியதைத் திரை மூன்று மணி நேரத்தில் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது. கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவன், எழுந்து வரும்போது வேறு மனிதனாக வந்தான். திரைக்கு அந்த ஆற்றல் உண்டு என்பதற்கு நாமே சான்று. நல்லதைக் கற்பிக்கும் திரை தீயதை மட்டும் கற்பிக்காது என்று எந்த நாக்கால் சொல்வோம்?

புகை எங்கே வந்தாலும் குற்றம் என்பதல்ல நம் வாதம். 1954இல் 'ரத்தக்கண்ணீர்' படத்திலே எம்.ஆர்.ராதா சிகரெட்டும் கையுமாக வந்தார். அந்த ஆணவக்காரன் அடைந்த முடிவென்ன? தொழுநோயும் தெருவும்! அவனைப் பார்த்து எவன் அவனாக ஆசைப்பட்டான்? ஆனால், ஊரே கொண்டாடும் கதாநாயகன் உதட்டிலே சிகரெட் ஏறும்போது கதை வேறு. அங்கே புகை தீமையாகத் தெரிவதில்லை, திறமையாகத் தெரிகிறது!

சிகரெட் இல்லாவிட்டால் படம் ஓடாதாம்! குடிக்காத, புகைக்காத நாயகனாகவே தம்மைத் திரையில் நிறுத்திக்கொண்ட எம்.ஜி.ஆர். படங்கள் ஓடவில்லையா? சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடித்துப் பெயர் பெற்ற ரஜினிகாந்த், 2002இல் 'பாபா' படத்துக்காகப் பா.ம.க.வின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அடுத்து 2005இல் வந்தது 'சந்திரமுகி'. அதிலே நாயகன் புகையை நம்பி நிற்கவில்லை. சென்னை சாந்தி திரையரங்கிலே 800 நாட்களுக்கு மேல் ஓடிற்று!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2003இல் வந்த சட்டம் சிகரெட் விளம்பரத்தைத் தடுத்தது. படங்களில் புகைக் காட்சியே கூடாது என 2005இல் நடுவண் அரசு விதி செய்தது. பேச்சுரிமைக்கு முரண் என்று 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. 2012 முதல், படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் எச்சரிக்கைப் படம். புகைக் காட்சியின் அடியிலே எச்சரிக்கை எழுத்து. 2023இல் இணையவழிப் படங்களுக்கும் அந்த விதி நீண்டது. நன்று. ஆனால் மேலே நாயகன் புகை விடுகிறான், விசில் பறக்கிறது, கீழே சிற்றெழுத்து! விசில் அடிப்பவன் எதைப் பார்ப்பான்? 2018இல் 'சர்கார்' படத்தின் சுவரொட்டியில் விஜய் உதட்டில் சிகரெட். எதிர்ப்பு எழுந்தது, சுகாதாரத் துறை அறிவிப்பு அனுப்பியது, படம் நீக்கப்பட்டது. குரல் எழுந்தால் புகை அடங்கும் என்பதற்கு அதுவே சான்று.

'பராசக்தி'க்குத் தடை கேட்டவர்களை எதிர்த்து நின்றவர்கள் நாம். ஆகவே கத்திரிக்கோலை நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது கணக்கு!

அமெரிக்காவிலே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே 1983இல், ஐந்து படங்களில் புகைக்க ஐந்து இலட்சம் டாலர் என்று ஒரு சிகரெட் நிறுவனத்தின் விளம்பர முகவருக்கு நடிகர் ஸ்டாலோன் எழுதிய கடிதம் பின்னாளில் வெளிவந்தது. அந்த நாட்டில், சாக்ரமெண்டோ நகரிலே இளைஞர்கள் கூடி உட்கார்ந்து, ஆண்டுதோறும் வசூல் குவித்த படங்களைப் பார்த்து, புகை வரும் இடங்களை ஒவ்வொன்றாய் எண்ணினார்கள். இளையோர் பார்க்கத் தகுந்தவை என்று சான்று பெற்ற படங்களில் 2005இல் 2,093 முறை; 2010இல் 595 முறை! புகையைக் குறைப்போம் என்று எழுத்திலே கொள்கை வகுத்த நிறுவனங்களின் படங்களில் வீழ்ச்சி மிகுதி. பின்னர் மீண்டும் ஏறியபோது அதையும் அந்தக் கணக்கே காட்டிக் கொடுத்தது. திரையிலே காணும் புகை இளையோரைப் புகைக்கத் தூண்டுகிறது என்று 2012இல் அந்நாட்டுத் தலைமை மருத்துவரே அறிக்கை தந்தார்.

அந்த இளைஞர்கள் செய்ததை நம் தோழர்கள் செய்ய முடியாதா? ஊர்தோறும் படிப்பகம் இருக்கிறது. அங்கே கரும்பலகை இருக்கிறது. புதுப்படம் வந்ததும் இருவர் போகட்டும். எத்தனை முறை சிகரெட்? பிடித்தது நாயகனா, வில்லனா? அந்தக் காட்சிக்கு விசில் எழுந்ததா? மூன்று வரி எழுதுங்கள். படம் எடுத்தவர் நமக்கு வேண்டியவராயினும் எழுதுங்கள். நம் மேடையேறும் நடிகராயினும் எழுதுங்கள்! எழுதிவிட்டுத் தேநீர்க் கடை ஓரம் போய்ப் புகை ஊதும் கிளைச் செயலாளரே, உங்கள் கணக்கையும் அதன் கீழே சேர்த்து எழுதுங்கள்!

கணக்கு நமக்குப் புதிதல்ல. களத்திலே மரக்காலைக் குலுக்கி அளந்த பண்ணையாரிடம் "சரியாக அள" என்று சொன்ன மண் இது. அளவைக் கேட்டவன்தான் கூலியைப் பெற்றான். நெல்லை அளந்த நாம் புகையையும் அளப்போம். நாளை அந்தக் களத்துமேட்டுச் சிறுவன் கையிலே இருப்பது வைக்கோலாகவே இருக்கட்டும்!