இறுகிய தோளும் நடுக்குவாதமும்

தோளிலே வலியென்றால் எண்ணெய் பூசி, ஒற்றடம் கொடுத்து, முதுமையின் குறையென்று கூறி ஆண்டொன்றைக் கழித்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே பலவுண்டு. பெரும்பாலும் அது மூட்டைச் சார்ந்த நோயாகவே இருக்கும். எனினும், சிலரிடத்தில் அவ்விறுக்கத்தின் வேர் மூட்டிலன்று, மூளையிலே உள்ளது.

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் வைத்தியர் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பின்னர் பிரான்சிய வைத்திய அறிஞர் சார்க்கோ, அந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். நடுமூளையிலே கருநிறமான ஒரு பகுதி உண்டு. அங்குள்ள கலங்கள் சிறிது சிறிதாக அழிய, அவை ஆக்கும் டோபமைன் என்னும் பொருள் குறைகின்றது. அதனால் தசைகள் தளரவேண்டிய வேளையிலும் தளராது விறைத்து நிற்கின்றன. நோய் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்திலேயே தொடங்கும். நடக்கும்போது அப்பக்கத்துக் கை வீசாது. வீசாத கையின் தோள் அசைவை இழக்கும். அசைவிழந்த மூட்டின் உறை சுருங்கி வலிக்கும்.

சிலருக்குக் கை நடுங்கத் தொடங்குமுன்னரே தோள்வலி தோன்றிவிடுகின்றது. ஆகவே, தோள்வலியோடு ஒரு கை வீசாமை, கையெழுத்து வரவரச் சிறுத்தல், பொத்தான் பூட்டுவதில் தாமதம், முகத்தில் உணர்ச்சி குன்றுதல் என்பனவும் காணப்படின், நரம்பியல் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

நோய் உறுதியானபின் முதலிற் கவனிக்கத்தக்கது மருந்து. லெவோடோபா என்னும் மருந்து மூளையிற் சென்று டோபமைனாக மாறும். அடுத்த மாத்திரைக்குரிய வேளை நெருங்க வலி மிகுந்து, மாத்திரைக்குப்பின் தணியுமாயின், அந்நேரங்களை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தியரிடம் காட்டுக. மீன், முட்டை, பருப்பு முதலிய புரதவுணவு சிலரில் இம்மருந்தின் பயனைக் குறைக்கும். ஆதலால் உணவுக்கு அரைமணி முன்னர் கொடுப்பது நன்றா என்றும் கேட்டறிக. மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்துதல் ஆபத்தாகும். பூனைக்காலி விதையிலும் இப்பொருள் உண்டென்று 1937இல் சென்னை ஆய்வாளர் கண்டு எழுதினர். அதற்காக அவ்விதையை இடித்துக் கொடுக்க முற்படலாகாது. அளவறியாது மாத்திரையோடு சேர்ப்பது தீங்கு தரும்.

அடுத்தது பயிற்சி. மருந்தின் பயன் நன்கு தெரியும் வேளையே இதற்கு ஏற்றது. வெந்நீரில் தோய்த்துப் பிழிந்த துணியை, சூடு பதமாயிருக்கிறதா எனப் பார்த்து, தோளில் 15 நிமிடம் இடுக. பின்னர், கதிரையில் நிமிர்ந்திருந்து இரு தோட்பட்டைகளையும் பின்னே ஒடுக்கி, 5 எண்ணும்வரை நிறுத்தி விடுதல். இவ்வாறு 10 முறை. அடுத்து, சுவரை நோக்கி நின்று, விரல்களாற் சுவரில் மெல்ல மேலேறி, இறுக்கம் தோன்றும் இடத்தில் 10 எண்ணும்வரை நிற்றல். இழுவை தெரியலாம், கடும்வலி தோன்றின் நிறுத்திவிடுக. நிற்கும் பயிற்சிகளின்போது, விழாதபடி ஒருவர் அருகில் இருத்தல் அவசியம். நடக்கையில் கையை நினைந்து வீசுவதும் நற்பயிற்சியே. இவற்றை இயன்மருத்துவரிடம் ஒருமுறை கற்றுத் தொடங்குவது சாலச் சிறந்தது.

வீட்டார் அறியவேண்டிய சிலவும் உள. சட்டை அணிவிக்கும்போது நோயுற்ற கையை முதலில் நுழைக்க. கழற்றும்போது அதனை இறுதியிற் கழற்றுக. கையைப் பற்றி இழுத்து எழுப்பலாகாது. படுக்கையில் நோயற்ற பக்கமாகச் சாய்ந்து, நோயுற்ற கைக்கு ஒரு தலையணை கொடுத்தால் உறக்கம் இலகுவாகும். திடீரெனத் தோன்றும் தோள்வலியோடு நெஞ்சிறுக்கமும் வியர்வையும் கூடின், அஃது இருதய நோயாகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்காக வகுத்தார். முதல் மூன்றும் வாய்த்தும் நான்காவது இல்லாமையால் வருந்துவோர் பலர். மாணவர்களே, உங்கள் வீட்டில் பாட்டனார் சட்டையணியத் தாமதித்தால் அதனைச் சோம்பல் என எண்ணற்க. நாள்தோறும் கால்மணி நேரம் அவரோடு நின்று சுவரில் விரலேற்றுங்கள். அந்த நான்காம் இடம் உங்களுக்குரியது.