குடிநோய்க்குக் காப்பீடு கூடாது என்பவர்களுக்கு

"குடிச்சுக் கெட்டுப்போனவனுக்கு நான் கட்டுற பிரீமியத்துல இருந்து எதுக்குப் பணம் போகணும்?"

மருத்துவக் காப்பீட்டில் குடிநோய் சிகிச்சையையும் சேர்க்க வேண்டும் என்று எங்கே பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். பாலிசி விற்கும் முகவர் கேட்கிறார். மாதச் சம்பளக்காரர் கேட்கிறார். குடிக்கு அண்ணனைப் பறிகொடுத்த வீட்டில்கூடச் சிலர் கேட்கிறார்கள்.

இந்த எண்ணம் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் எழுத வேண்டிய விலக்குகளை 2019 செப்டம்பரில் வரிசைப்படுத்திக் கொடுத்தது. அதில் 12ஆவது விலக்கின்படி குடிநோய், போதைப்பொருள் பழக்கம், அடிமைப்படுத்தும் வேறு எந்த நிலை ஆகியவற்றின் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. அவற்றால் வரும் விளைவுகளுக்கும் கிடையாது. 2020இல் எல்லா நிறுவனங்களும் கட்டாயம் விற்க வேண்டும் என்று கொண்டுவரப்பட்ட 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியிலும் இதே வரி உண்டு. உங்கள் பாலிசியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் அநேகமாக அங்கேயும் இருக்கும்.

இந்த வரிக்குச் சொல்லப்படும் நியாயங்களில் பெரியது, 'தானாகத் தேடிக்கொண்ட வினை' என்பது. காப்பீட்டுத் தொழில் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தால் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வைத்திருக்கவில்லையே! முப்பது வருடம் புகைத்தவருக்கு மாரடைப்பு வந்தால் ஸ்டென்ட்டுக்குப் பணம் வருகிறது. மருத்துவர் தலைப்பாடாகச் சொல்லியும் இனிப்பை விடாத சர்க்கரை நோயாளியின் காலில் அறுவை சிகிச்சை நடந்தால் வருகிறது. ஆயுள் காப்பீட்டில் பாலிசி எடுத்து 12 மாதம் கடந்துவிட்டால் தற்கொலைக்குக்கூடத் தொகை கொடுக்கிறார்கள். கொடுப்பதுதான் சரி, மிச்சமிருக்கும் குடும்பம் தெருவுக்கு வரக்கூடாது. அந்த இரக்கம் குடிநோயாளியின் மனைவி மக்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்றால் பதில் வராது.

இன்னொன்று. முதல் கிளாஸ் அவரவர் விருப்பம்தான், சந்தேகமில்லை. ஆனால் குடிக்கிற எல்லோரும் அடிமையாவதில்லை. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி நாட்டில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடிப் பேர். அவர்களில் குடி இல்லாமல் இருக்க முடியாத நிலைக்குப் போனவர்கள் 2.9 கோடி. ஐந்தாறு பேரில் ஒருவர். அந்த ஒருவர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் ஏறக்குறையப் பாதி பரம்பரை என்கின்றன இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள். ஒரே மேசையில் உட்கார்ந்து குடித்த ஐந்து நண்பர்களில் நான்கு பேர் அதே பாலிசியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். தவிரவும், விற்பவர் யார்? தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. 2024-25இல் அதன் மூலம் வந்த வரி வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்பதை அரசே விற்கும், வாங்கியவன் விழுந்தால் அவன் பாடு என்பதை ஒழுக்க போதனையாக யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது, 'அது நோயே இல்லை, மன உறுதி இல்லாத குறை' என்ற வாதம். இதற்கு மருத்துவரைக் கூப்பிடவே வேண்டியதில்லை, நாடாளுமன்றம் பதில் சொல்லி முடித்துவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் எது என்று வரையறுக்கும் இடத்திலேயே மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் சேர்த்திருக்கிறது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சட்டப் படிப்பு தேவையில்லை. 2018 ஆகஸ்டில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யும் இந்தப் பிரிவை உடனே பின்பற்றும்படி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மனநோய்க்கான க்ளைமை ஒரு பொதுத்துறை நிறுவனம் மறுத்த வழக்கில், சட்டம் நடைமுறைக்கு வந்த 2018 மே 29 முதலே காப்பீடு பொருந்தும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

வேடிக்கை என்னவென்றால், மனநோயை விலக்கி வைக்கக்கூடாது என்று சொன்னதும், குடிநோயை விலக்கலாம் என்று 12ஆம் எண்ணைக் கொடுத்ததும் 2019இன் அதே வழிகாட்டுதல்கள்தான். நாடாளுமன்றம் மனநோய் என்று சொன்ன ஒன்றை ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியல் வேறு ஏதோவாக நினைக்கிறது. அந்த டெல்லி வழக்கு குடிநோய் பற்றியது அல்ல, உண்மைதான். ஆனால் சட்டத்துக்கும் சுற்றறிக்கைக்கும் முரண் வந்தால் எது மேலே என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

மன உறுதி பற்றியும் ஒரு வார்த்தை. பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் மன உறுதியோடு நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சித்தப்பிரமை வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். உறுதி இருந்தாலும் மருந்து வேண்டும்.

'இவங்க திருந்தவே மாட்டாங்க, வெளியே வந்த மறுநாளே கடையில நிப்பாங்க' என்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். 2000ஆம் ஆண்டில் தாமஸ் மெக்லெல்லனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். போதைநோயில் மறுபடி விழுகிறவர்கள் 40 முதல் 60 சதவீதம். ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்புவது 50 முதல் 70 சதவீதம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். மூன்றாவது தடவை மூச்சுத்திணறி வரும் ஆஸ்துமாக்காரரைப் பார்த்து 'உங்களுக்குச் செலவழித்தது வீண்' என்று க்ளைமைக் கையாளும் எந்த டி.பி.ஏ. நிறுவனமும் கடிதம் அனுப்புவதில்லை.

'அரசாங்கத்தில் இலவசமாகவே பார்க்கிறார்களே, பிறகு காப்பீடு எதற்கு?' இதில் பாதி உண்மை இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் பார்க்கிறார்கள், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள். 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது. இன்னும் கவனிக்க வேண்டியது, ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலிலேயே போதைப் பயன்பாட்டால் வரும் மனநலக் கோளாறுகளுக்கு, அரசு மருத்துவமனைகளுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏழைக்கான அரசுக் காப்பீட்டில் நோயாக இருப்பது, கைக்காசு போட்டு வாங்கும் பாலிசியில் குற்றமாக மாறிவிடுகிறது.

ஆனால் எத்தனை பேர் போய்ச் சேருகிறார்கள்? அதே எய்ம்ஸ் ஆய்வில், குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தது 180 பேரில் ஒருவர். வங்கி குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் லாரி வைத்திருப்பவரும் அரசு வார்டில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று ஒதுங்குகிறார்கள். தனியாரிடம் போகக் கையில் இருப்பது போதாது. நடுவில் உரிமம் இல்லாத 'மீட்பு இல்லங்கள்' இருக்கின்றன. அங்கே அடியும் சங்கிலியும், சில நேரம் சாவும் நடப்பது அவ்வப்போது செய்தித்தாளில் வருகிறது. காப்பீடு வந்தால் பணம் பதிவு பெற்ற மருத்துவமனைக்குத்தான் போகும்; கணக்கும் கேஸ் ஷீட்டும் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். அது ஒன்றே இந்த இல்லங்களில் பலவற்றைக் காலி செய்யும்.

இனி எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் வாதத்துக்கு வருகிறேன். 'இப்படி ஒரு விதி இருந்தால்தான் குடிக்கிறவனுக்குப் பயம் இருக்கும்.' பாலிசியின் 12ஆம் விலக்கைப் படித்துவிட்டுக் குவார்ட்டரைக் கீழே வைத்தவர் இந்த உலகத்தில் எவரும் இல்லை. அந்த விதியைப் படித்துப் பயப்படுவது மனைவி. பயந்து அவர் செய்வது பொய் சொல்வது.

எந்தத் தனியார் மருத்துவமனையிலும் இது தினமும் நடக்கிறது. பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவரைக் கொண்டுவருகிறார்கள். பணி மருத்துவர் வழக்கமான கேள்வியைக் கேட்கிறார்: "குடிப்பாரா?" அதற்குள் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருப்பவரோ மச்சினரோ காதில் போட்டிருப்பார்: "குடிக்கிறாருன்னு மட்டும் எழுதிடாதீங்கக்கா, கேஷ்லெஸ் நின்னுடும்." எனவே, "இல்லைங்க டாக்டர், எப்பவாவது கல்யாணம் காட்சின்னா கொஞ்சம்." கேஸ் ஷீட்டில் 'பழக்கம் இல்லை' என்று ஏறுகிறது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. மூன்றாம் நாள் இரவு அவருக்குக் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்துகிறார், ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிகிறார். கட்டிலோடு கட்டுகிறார்கள். தலையில் அடிபட்டிருக்குமோ என்று ஸ்கேன், கிருமி ஏறியிருக்குமோ என்று ரத்தப் பரிசோதனை, பிறகு ஐ.சி.யூ. உண்மை முதல் நாளே தெரிந்திருந்தால், குளோர்டயஸிபாக்சைடு மாத்திரையும் தயமின் ஊசியும் தொடங்கி அனேகமாக இதைத் தவிர்த்திருக்கலாம். இரண்டுமே மலிவான மருந்துகள்.

இதில் யாருக்கு லாபம்? நிறுவனத்துக்கும் இல்லை. பொய் நிலைத்துவிட்டால் அந்த ஐ.சி.யூ. பில்லையும் அவர்கள்தான் கட்டுகிறார்கள். பொய் உடைந்துவிட்டால் குடும்பம் கட்டுகிறது. எப்படியானாலும் ஆஸ்பத்திரிப் படுக்கையில், உடம்பு முறிந்து, குடும்பம் சுற்றி நிற்கும் நேரத்தில், 'இந்தக் குடியை விட்டுவிடலாமா' என்று ஒரு மருத்துவர் கேட்டிருக்கக்கூடிய ஒரே வாய்ப்பு போய்விடுகிறது. மனநல மருத்துவரைக் கூப்பிட்டால் அவர் எழுதும் முதல் வரியே க்ளைமை மறுக்கக் காரணமாகிவிடும் என்பதால் கூப்பிடுவதே இல்லை.

பாலிசி எடுக்கும்போதே தொடங்குகிறது இந்தப் பொய். விண்ணப்பத்தில் 'மது அருந்துவீர்களா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதச் சொல்வது பல நேரம் முகவரே. பிறகு அதுவே கழுத்தைப் பிடிக்கும். எல்.ஐ.சி.யின் 'ஜீவன் ஆரோக்யா' பாலிசி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், நீண்ட நாள் குடிப்பழக்கத்தை விண்ணப்பத்தில் மறைத்திருந்ததால் க்ளைமை மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பில் குறை காண மாட்டேன், மறைத்தது மறைத்ததுதான். அதனால், இதைப் படிக்கும் யாராவது விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தால் உள்ளதை எழுதுங்கள். குடிக்கே சம்பந்தமில்லாத நோய்க்கு 'மது பழக்கம் உண்டு' என்ற ஒற்றை வரியைக் காட்டிப் பணத்தை மறுத்தால் விடாதீர்கள். நோய் குடியால்தான் வந்தது என்பதை நிரூபிக்க வேண்டியவர் மறுக்கிறவர்தான். நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டும் பலனில்லை என்றால், 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் கட்டணமின்றி விசாரிக்கிறார். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது.

மிச்சமிருப்பது பிரீமியம் ஏறும் என்ற கணக்கு. இது மட்டும்தான் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய வாதம். காரணம், இது ஒழுக்கம் பேசாமல் காசைப் பேசுகிறது. அமெரிக்காவில் இந்தப் பயம் பெரிதாக இருந்தது. அங்கே 2001இல் ஒன்றிய அரசு ஊழியர்களின் காப்பீட்டில் மனநோய்க்கும் போதைநோய்க்கும் மற்ற நோய்களுக்குச் சமமான காப்பீடு கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த மதிப்பீடு, அந்த மாற்றம் இல்லாத திட்டங்களோடு ஒப்பிட்டால் மொத்தச் செலவு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்றது. சமக் காப்பீட்டுச் சட்டம் அங்கே 2008இல் வந்தது. சிகிச்சையை நிறுவனங்கள் நிர்வகித்த விதமும் செலவு கூடாததற்கு ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டதற்கெல்லாம் பணத்தை அள்ளிக் கொடுக்கவில்லை.

அப்படி நிர்வகிக்க நம் நிறுவனங்களுக்குத் தெரியாதா? பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் வைக்கத் தெரிகிறது. கண்புரைக்கு உச்சவரம்பு வைக்கத் தெரிகிறது. அதே 2019 பட்டியலில் 6ஆவது விலக்கைப் பாருங்கள்: உடல்பருமன் அறுவை சிகிச்சை. அதுவும் 'தின்று கெட்டது' என்று ஊரார் ஏளனம் செய்யும் நோய்தான். ஆனால் அங்கே கதவை அடைக்கவில்லை. மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும், வயது 18 நிறைந்திருக்க வேண்டும், உடல் நிறைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல், கடுமையான துணைநோய் இருந்து மற்ற வழிகளில் எடை குறையாவிட்டால் 35 என்று நிபந்தனை போட்டு, அதைத் தாண்டி வந்தால் பணம் தருகிறார்கள்.

12ஆவதையும் அப்படி எழுதலாம். மனநல மருத்துவரின் பரிந்துரை, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற இடம், நச்சு நீக்கத்துக்கு இத்தனை நாள், வெளிநோயாளியாக ஆலோசனைக்கு ஆண்டுக்கு இத்தனை தடவை, பாலிசிக் காலத்தில் இத்தனை முறை சேர்க்கை. 'விளைவுகள்' என்ற சொல்லை அடித்துவிட வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 2018இல் மனநோய்க்கு வந்ததைப்போல ஆணையத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.