காங்கேயம் காளை தெரியும்... அது மேயும் கொறங்காடு ஏன் மேப்பில் இல்லை?

கூகுள் மேப்பில் காங்கேயம் - தாராபுரம் சாலையைத் திறந்து, சாட்டிலைட் பார்வைக்கு மாற்றுங்கள். கட்டம் கட்டமாகக் காய்ந்த நிலம். ஓரமெல்லாம் வேலி. நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம். 'சும்மா கிடக்கிற இடம்'னு தோணும். சும்மா இல்லைங்க, அதுதான் கொறங்காடு. (கொங்கு வட்டாரத்தில் 'காடு' என்றால் வனம் இல்லை, புன்செய் நிலம்.)

வேலி, உயிருள்ள கிளுவை. தரையில் கொழுக்கட்டைப் புல். மரம், வெள்வேல். மழை பெய்தால் புல் தானாகத் துளிர்க்கும். கோடையில் புல் தீர்ந்தால் வெள்வேலங்காய் இருக்கு. மேய்க்கத் தனி ஆள் வேண்டாம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும். மழை மறைவுப் பகுதியில் காங்கேயம் மாடு தாக்குப்பிடித்தது இந்த ஏற்பாட்டால்தான்.

1767-ல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியா, ஒரு மைலை ஒரு அங்குலமாகச் சுருக்கி டோபோ ஷீட்களை அச்சிட்டது. பிறகு அளவு 1:50,000 ஆனது. தாராபுரம் பக்கம் '58 எஃப்' வரிசையில் வரும். கிணறு, குளம், வண்டித்தடம், கோயில் எல்லாம் அதில் உண்டு. பயிர் நிலத்துக்கு மஞ்சள், மரக்காட்டுக்குப் பச்சை. கொறங்காட்டுக்கென்று தனி வகையே கிடையாது. பட்டாவிலும் வெறும் புன்செய்தான்.

படைக்கும் வரிக்கும் நிலம் அளந்த வெள்ளைக்காரனுக்கு இது தெரியாமல் போனதைக்கூட விட்டுவிடலாம். இன்றைக்கும் செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தை வகைபிரித்தால், கோடையில் காய்ந்து நிற்கும் இந்தக் காடு 'புதர் நிலம்', 'தரிசு' என்ற பெட்டியில் சுலபமாக விழுந்துவிடும். தரிசு என்று பெயர் விழுந்த இடத்தில் சோலார் பேனலோ சைட் கல்லோ வந்தால் யார் கேள்வி கேட்பார்கள்? விற்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு ஆயிரம் செலவு. ஆனால் விற்பது மேய்ச்சல் நிலம் என்றாவது பதிவாகட்டும். வருவாய்த் துறை கொறங்காட்டைத் தனி வகையாகவே எழுத வேண்டும்.

2017-ல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுக்குப் போனோம், காங்கேயம் காளையை டிபி வைத்தோம். அதே ஆண்டுதான் சர்வே ஆஃப் இந்தியா தன் ஷீட்களை 'நக்‌ஷே' தளத்தில் இலவசமாகத் தர ஆரம்பித்தது. அது அவ்வளவாக டிரெண்ட் ஆகலை!

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உயிர்வேலிக்கும் புல்வெளிக்கும் குறியீடு உண்டு, யார் வேண்டுமானாலும் வரையலாம். அடுத்த முறை ஊருக்குப் போறப்ப, எந்தக் காடு எத்தனை மாட்டுக்குத் தாங்கும்னு அப்பாருகிட்ட கேட்டு வையுங்க. அந்தக் கணக்கு எந்த ஷீட்டிலும் இல்லை.