‘முந்தைய’ என்னும் சொல்லை முதலில் கைவிடுவோம்

வேட்டையாடியும் உணவு திரட்டியும் வாழ்ந்த சமூகங்கள் வேளாண்மைக்கு மாறிய வரலாற்றை நம் பல்கலைக்கழகங்கள் இன்றும் ஓர் ஏணியாகவே கற்பிக்கின்றன. கீழ்ப்படியில் வேட்டை, அடுத்ததில் மேய்ச்சல், அதன்மேல் உழவு, உச்சியில் நகரம். 1936இல் கார்டன் சைல்டு ‘புதிய கற்காலப் புரட்சி’ என்ற கருத்தை முன்வைத்தபின் தொல்லியல் எவ்வளவோ தூரம் கடந்துவிட்டது. நம் வகுப்பறை ஏணி அப்படியே நிற்கிறது. இது வெறும் பாடநூற்பிழையாக இருந்திருந்தால் இப்பதிவே தேவைப்பட்டிராது. இந்த ஏணி நம் நாட்டில் ஆட்சியின் அளவுகோலாகவும் இருக்கிறது.

ஒன்றிய அரசு 75 பழங்குடிச் சமூகங்களைத் தனிப்பட்டியலில் வைத்திருக்கிறது. ‘ஆதிப் பழங்குடிக் குழுக்கள்’ என்றிருந்த பெயர் 2006இல் ‘எளிதில் நலிவுறும் நிலையிலுள்ள பழங்குடிக் குழுக்கள்’ என்று மாற்றப்பட்டது. பெயர் மாறியது; அளவுகோல் மாறவில்லை. ‘வேளாண்மைக்கு முந்தைய தொழில்நுட்ப நிலை’ என்பது அவ்வளவுகோல்களுள் ஒன்று. அதே 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும், வாழிட உரிமையைப் பேசும் இடத்தில், ‘வேளாண்மைக்கு முந்தைய சமூகங்கள்’ என்றே எழுதுகிறது. அந்த உரிமையை வரவேற்கிறேன். அந்த அடைமொழியை மறுக்கிறேன். ‘முந்தைய’ என்பது காலங்குறித்த சொல். நம்மோடு ஒரே காலத்தில் வாழ்ந்து, ஒரே தேர்தலில் வாக்களிக்கும் மக்களை எந்த இலக்கணத்தின்படி முந்தையவர் என்பது?

இதனைச் சொற்சண்டை என்று ஒதுக்க வேண்டா. சான்றுகளின்படியே இச்சொல் பிழையானது.

பீர்ஹோர் மக்களை எடுத்துக்கொள்வோம். ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் இப்பட்டியலில் இடம்பெற்றவர்கள். வேட்டைக்கும் கயிறு திரித்தலுக்கும் பெயர்பெற்றவர்கள். அவர்கள் மொழி சந்தாலி, முண்டாரி ஆகியவற்றோடு நெருங்கிய உறவுடைய முண்டா மொழி. அம்மொழிக்குடும்பத்தின் மூலமொழியாகிய தொல்முண்டாவின் பண்பாட்டுச் சொற்களை நார்மன் ஜைட், ஆர்லீன் ஜைட் இருவரும் 1976இல் மீட்டுருவாக்கினர். நெல்லுக்கும் சிறுதானியங்களுக்கும் பயறுகளுக்கும் அதில் சொற்கள் இருந்தன. ஆக, பீர்ஹோர் பேசும் மொழியின் முன்னோர் மொழியே வேளாண்மையை அறிந்த மொழி. உழவறிந்த முன்னோரிடமிருந்து பிரிந்து அவர்கள் காட்டைத் தேர்ந்திருக்கலாம். அன்றி, உழவரோடு நெடுங்காலம் பழகி அவர்தம் மொழியை ஏற்றிருக்கலாம். இரண்டில் எது உண்மையாயினும், ‘வேளாண்மைக்கு முந்தைய’ என்ற தொடர் பொருளற்றுப் போகிறது. அவர்கள் திரித்த கயிறு உழவர்களின் ஊர்களுக்குச் சென்றது; அங்கிருந்து தானியம் வந்தது. 1925இல் சரத் சந்திர ராய் எழுதிய நூலிலேயே, அலைந்து திரியும் ‘உத்லு’ பிரிவினரும் ஓரிடத்தில் தங்கிய ‘ஜாகி’ பிரிவினரும் பதிவாகியுள்ளனர்.

தொல்லியலும் இதையே சொல்கிறது. ராஜஸ்தானின் பாகோரில் நுண்கற்கருவிகளைப் பயன்படுத்திய மக்களிடையே செப்பு அம்புமுனைகள் கிடைத்தன. அவை ஹரப்பா வடிவங்களை ஒத்தவை. வேட்டைச் சமூகங்களுக்கும் ஹரப்பா நகரங்களுக்கும் இடையே பண்டமாற்று நடந்திருக்க வேண்டும் என்று குஜராத்தின் லாங்னஜ், லோத்தல் சான்றுகளைக் கொண்டு கிரெகரி போசெலும் கென்னத் கென்னடியும் 1979இல் வாதிட்டனர். நகரமும் வேட்டையும் ஒரே காலத்தில் அருகருகே இருந்தன. ஒன்று மற்றொன்றின் குழந்தைப் பருவமாக இருக்கவில்லை.

வேளாண்மை எல்லா வகையிலும் ஏற்றம்தான் என்ற நம்பிக்கையும் ஆட்டங்காணுகிறது. தெற்காசியாவில் வேளாண்மை வேரூன்றியபோது பற்சிதைவு பெருகியதையும், அது ஆண்களைவிடப் பெண்களை மிகுதியாகத் தாக்கியதையும் ஜான் லூக்காக்ஸ் 1996இல் பழம்பற்களைக் கொண்டு எடுத்துக்காட்டினார். உழவு மிகுதியான மக்களைத் தாங்கியது, களஞ்சியங்களை நிரப்பியது, அரசுகளை உருவாக்கியது; மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்காத வரலாறு அரைவரலாறு.

“இப்பட்டியலால்தானே வீடும் சாலையும் மருத்துவமும் வருகின்றன? சொல்லில் என்ன இருக்கிறது?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். திட்டங்கள் வேண்டும், ஐயமில்லை. ஆனால் நோயைத் தவறாகப் பெயரிட்டால் மருந்தும் தவறும். உழவு செய்யாமையே குறையென்று அளவுகோல் சொன்னால், காட்டிலிருந்து இறக்கிக் குடியமர்த்தி ஏர் கொடுப்பதே தீர்வாகிவிடும். காடு காப்புக்காடானதும், தேனும் கிழங்கும் எடுப்பது குற்றமானதும், புலிகள் காப்பகத்துக்காக ஊர்கள் பெயர்க்கப்பட்டதும் கணக்கில் வாரா. அவர்களின் நலிவு கற்காலத்தின் எச்சமன்று. பெரும்பகுதி, காலனிய வனச்சட்டங்கள் தொடங்கி நம் காலம் வரை செய்யப்பட்டது. செய்தவர்களைத் தப்பவைக்கும் சொல்தான் ‘முந்தைய’.

அளவுகோலை மாற்றக் கோருவோம். எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன, வாழிட உரிமை வழங்கப்பட்டதா, மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பன அளக்கக்கூடியவை; அவற்றை அளக்கட்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதை நாம் செய்யலாம். அடுத்த ஆய்வேட்டில், அடுத்த கருத்தரங்கக் கட்டுரையில் ‘வேளாண்மைக்கு முந்தைய சமூகம்’ என்று எழுதப்போகும் இடத்தில், அம்மக்கள் செய்யும் தொழிலை எழுதுங்கள்: தேன் எடுப்போர், கயிறு திரிப்போர், மீன் பிடிப்போர். நெறியாளர் ஏனென்று கேட்டால், ஹரப்பா வடிவ அம்புமுனை பாகோருக்கு எப்படி வந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.