மூன்று நாள் முகாமும் ஒரு மாத்திரை அட்டையும்

கல்லூரி மாணவர்கள் ஒன்றுகூடி, தொண்டு நிறுவனங்களுக்குக் காசு வாங்காமல் சின்னமும் சுவரொட்டியும் துண்டுப் பிரசுரமும் தயாரித்துக் கொடுக்கும் முகாம்கள் இப்போது மும்பையிலும் நடக்கின்றன. அமெரிக்காவில் தென் கரோலினாவைச் சேர்ந்த ஒரு விளம்பர நிறுவனம் 1998இல், 24 மணி நேரம் கண் விழித்து இப்படி இலவசமாக வேலை செய்து கொடுக்கத் தொடங்கியது. பிறகு கல்லூரிகளும் அதைக் கையில் எடுத்தன. நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் யாருக்காகச் செய்கிறார்களோ அவர்களுக்கு அது பயன்படுகிறதா?

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நான், ஓய்வு நாட்களில் இந்தப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவது வழக்கம். அப்படித்தான் தாராவிக்கு அருகே நடந்த ஒரு மூன்று நாள் முகாமுக்குப் போனேன். காசநோயாளிகளுக்கு உதவும் ஒரு சிறு சங்கத்துக்காக மாணவ மாணவியர் இரவு பகலாக உழைத்தார்கள். சாதாரணக் காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இருமல் நின்றதும் பாதியில் விட்டால், மருந்துக்கு அடங்காத நோயாக அது திரும்பி வரக்கூடும். இதை மக்களுக்குச் சொல்லத்தான் சுவரொட்டி.

மூன்றாம் நாள் சுவரொட்டியை விரித்துக் காட்டினார்கள். பல வண்ணம், கண்ணைப் பறிக்கும் அழகு. எழுத்தெல்லாம் ஆங்கிலம். அங்கே வந்திருந்த திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம், "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். வரைந்த மாணவனுக்கு முகம் வாடிவிட்டது.

ஒரு மாணவி மட்டும் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரையை ஏன் தவற விடுகிறார் என்று கேட்டார். மொழிபெயர்த்தது நான். "காலையிலே தண்ணி பிடிக்கிற அவசரத்துல மாத்திரை போட்டேனா இல்லையான்னே மறந்து போகுதும்மா" என்றார் அவர். அந்த மாணவி தபால் கார்டு அளவில் ஓர் அட்டை வரைந்தார். முப்பது கட்டங்கள். மாத்திரை போட்டதும் ஒரு கட்டத்தில் கோடு போட வேண்டும், அவ்வளவுதான். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஜெராக்ஸ் எடுத்தாலே போதும்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அச்சடிக்கப் பணமில்லாமல், சுவரொட்டி சங்கத்து பீரோவுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அட்டையோ பல வீடுகளில் ஆணியில் தொங்கியது.

இது புதிய பாடம் அல்ல. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. ஆகவேதான் முதல் பொதுத் தேர்தலிலேயே சின்னம் பார்த்து வாக்களிக்கும் முறை வந்தது. பின்னாளில் தேர்தல் ஆணையத்தின் வரைவாளர் எம்.எஸ். சேத்தி பென்சிலால் எளிமையாக வரைந்த சின்னங்களைப் பாமரரும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார்கள். கவுன்டரில் உட்காரும் எங்களுக்கும் இது தெரியும். தலைக்கு மேல் எத்தனை பலகை மாட்டினாலும், ஜனங்கள் ஜன்னலுக்குள் குனிந்து எங்களைத்தான் கேட்பார்கள்.

முகாம் நடத்துவோர் மூன்று காரியம் செய்ய வேண்டும். முதல் நாள் பென்சிலைத் தொடாமல், மக்களிடம் போய்க் கேட்கட்டும். அச்சுச் செலவு சங்கத்தின் கைக்கு அடங்குமா என்று பார்க்கட்டும். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து, எது சுவரில் இருக்கிறது, எது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது என்று எண்ணட்டும்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பவாய் ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புத் துறை 1969லேயே தொடங்கப்பட்டது. 2015 முதல் இளநிலைப் படிப்புக்கு நுழைவுத் தேர்வும் நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவில் படித்தவர்களும் அதை எழுதலாம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நோட்டின் ஓரத்தில் படம் வரையும் பையனை நாம் அதட்டி உட்கார வைக்கிறோம். அவன் அந்த முகாமில் இருந்திருந்தால் மொழிபெயர்க்க நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன். பெற்றோர்கள் யோசிப்பார்களா?