ஒரு முழ அகலக் கோடு... தாண்டினால் இன்னொரு நாடு!

சுற்றுலா போகிறவர்களிடம் பெயரும் போன் நம்பரும் கேட்பது வழக்கம். இந்தச் சுற்றுலாவில் கேட்பது வேறு. 'நீங்கள் போகப்போவது பகை நிலவும் பகுதி. எதிரியின் செயலால் காயமோ, மரணமோ ஏற்படலாம்' என்ற பொருளில் அச்சடித்த ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போக முடியும்.

இடம், பான்முன்ஜோம். தென் கொரியத் தலைநகர் சியோலில் இருந்து சுமார் 50 கி.மீ தூரம். வட கொரியாவும் தென் கொரியாவும் நேருக்கு நேர் நிற்கும் இடம். தென் கொரியாவில் சுமார் 28,500 அமெரிக்கப் படைவீரர்கள் பணியில் இருக்கிறார்கள். பலருக்கு அது குடும்பத்தைப் பிரிந்து இருக்கும் ஓராண்டுப் பணி. 'ஊர் திரும்புறதுக்குள்ள ஒரு தடவை அந்த எல்லையைப் பார்த்துடணும்' என்று நினைக்காதவர்கள் குறைவு. 'நாம எதுக்காக இங்கே வந்திருக்கோம்?' என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள்.

கை காட்டாதே, சிரிக்காதே!

1953 ஜூலை 27-ம் தேதி இங்கேதான் கொரியப் போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. நின்றது சண்டை மட்டும்தான். சமாதான உடன்படிக்கை இன்றுவரை வரவில்லை. சட்டப்படி பார்த்தால் அந்தப் போர் இன்னும் முடியவே இல்லை.

கோட்டுக்கு இந்தப் பக்கம் 2 கி.மீ, அந்தப் பக்கம் 2 கி.மீ என மொத்தம் 4 கி.மீ அகலத்துக்கு ஒரு நிலப்பட்டை, நாட்டின் குறுக்கே சுமார் 250 கி.மீ நீளத்துக்கு ஓடுகிறது. பெயர், 'ராணுவம் நீக்கப்பட்ட பகுதி'. ஆனால், அதன் இரு ஓரங்களிலும் முள்வேலி, கண்ணிவெடி, காவல் கோபுரங்கள். உலகிலேயே அதிகமாக ராணுவம் குவிக்கப்பட்ட எல்லைகளில் இதுவும் ஒன்று.

வாசலில் இருக்கும் ராணுவ முகாமில் முதலில் வகுப்பு எடுக்கிறார்கள். வட கொரியக் காவலர்களைப் பார்த்துக் கை காட்டக் கூடாது. விரல் நீட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. பேசக் கூடாது. சொன்ன இடத்தில் மட்டும்தான் போட்டோ. சீருடை அணிந்து பழகியவர்களுக்குக் கட்டளை புதிதல்ல. ஆனால், ஒரு கையசைப்புகூடச் சண்டைக்குக் காரணமாகலாம் என்று சொல்லும்போது பேருந்துக்குள் பேச்சு தானாகவே குறைந்துவிடும்.

மேஜைக்கு அந்தப் பக்கம்

உள்ளே போனால், வரிசையாக நீல நிறக் கட்டடங்கள். ரயில் பெட்டி போல நீளமான, எளிமையான அறைகள். அவற்றுக்கு நடுவே தரையில் ஒரு கான்கிரீட் பட்டை. அகலம் ஒரு முழம் இருக்கும். உயரம், நம் வீட்டு வாசற்படியைவிடக் குறைவு. அதுதான் எல்லை. சின்னக் குழந்தைகூடத் தாண்டிவிடலாம். ஆனால், தாண்டக் கூடாது.

பேச்சுவார்த்தை அறைக்குள் மட்டும் ஒரு வினோதம். மேஜையின் நடுவில் எல்லை ஓடுகிறது. மேஜையைச் சுற்றி நடந்தால் வட கொரிய மண்ணில் நிற்கலாம். கடைசியில் இருக்கும் கதவு வட கொரியாவுக்குத் திறக்கும். அதன் முன்னால் கறுப்புக் கண்ணாடி அணிந்து, முஷ்டியை மடக்கி, டேக்வாண்டோ நிலையில் சிலை போல நிற்கிறார் தென் கொரியக் காவலர். 'ஒரு நிமிஷம் வட கொரியாவில் இருந்தேன்' என்று ஊரில் சொல்லிக்கொள்ள எல்லோரும் அங்கே ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு மரத்துக்காக இரண்டு உயிர்

அந்தக் கான்கிரீட் கோடு ஆரம்பத்தில் இல்லை. அந்த வளாகத்துக்குள் இரு தரப்பு வீரர்களும் கலந்தே நடமாடினார்கள். எல்லாவற்றையும் மாற்றியது ஒரு பாப்ளர் மரம்.

காவல் சாவடிகளுக்கு இடையே பார்வையை மறைத்த அதன் கிளைகளை வெட்ட, 1976 ஆகஸ்ட் 18-ம் தேதி ஒரு குழு போனது. 'வெட்டாதே' என்றார்கள் வட கொரிய வீரர்கள். வேலை நிற்கவில்லை. கைகலப்பு வெடித்தது. கிளை வெட்டக் கொண்டுபோன கோடரிகளே ஆயுதங்களாயின. கேப்டன் ஆர்தர் பொனிஃபாஸ், லெப்டினன்ட் மார்க் பாரெட் என்ற இரண்டு அமெரிக்க அதிகாரிகள் கொல்லப்பட்டனர். பொனிஃபாஸின் கொரியப் பணிக்காலம் முடிய இன்னும் சில நாள்களே இருந்தன.

மூன்று நாள் கழித்து, போர் விமானங்கள் வானில் வட்டமிட, பெரும் படை சுற்றி நிற்க, அந்த ஒற்றை மரம் வெட்டப்பட்டது. அதன் பிறகுதான் வளாகத்துக்குள்ளும் கோடு கிழித்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வகுப்பு எடுக்கும் முகாமின் பெயர் இன்று 'கேம்ப் பொனிஃபாஸ்'.

நம் வீரர்களும் நின்ற இடம்

இந்த எல்லையில் இந்திய வீரர்களும் பணி செய்திருக்கிறார்கள். போர் நின்றதும் பெரிய சிக்கல் ஒன்று மிஞ்சியது. சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த 22,000-க்கும் அதிகமான போர்க் கைதிகளை என்ன செய்வது? இரு தரப்புக்கும் பொதுவான காவலாளியாக அழைக்கப்பட்டது இந்தியா. நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு ஜெனரல் கே.எஸ்.திம்மய்யா தலைமை வகித்தார்.

ஆனால், 'இந்தியப் படை எங்கள் மண்ணில் கால்வைக்கக் கூடாது' என்றார் அன்றைய தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ. அதனால் கப்பலில் வந்த நம் வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, நேராக அந்த நிலப்பட்டைக்குள் இறக்கினார்கள். அவர்களின் முகாமுக்கு 'ஹிந்த் நகர்' என்று பெயர்.

1953-ன் குளிர்காலம் முழுவதும், கோபமும் பயமும் நிறைந்த அந்தக் கைதிகளை நம் வீரர்கள் காவல் காத்தார்கள். கைதிகளில் எண்பதுக்கும் மேற்பட்டோர் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று முடிவெடுத்து இந்தியாவுக்கே வந்துவிட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் தப்பு என்று தோன்றும் நிலையில், மூன்றாவதாக ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள்.

சிரித்துக்கொண்டே ஓடியவர்

2023 ஜூலை 18. சுற்றுலாக் குழு ஒன்று நீலக் கட்டடங்களின் அருகே நின்றுகொண்டிருந்தது. திடீரெனக் கூட்டத்தில் இருந்து ஓர் இளைஞர் ஓடினார். யாரோ விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். காவலர்கள் துரத்துவதற்குள் அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். தென் கொரியாவில் பணியில் இருந்த அமெரிக்கப் படைவீரர் அவர். ஊருக்கு விமானம் ஏற வேண்டியவர், விமான நிலையத்தில் இருந்து நழுவி வந்து சுற்றுலாவில் சேர்ந்திருந்தார்.

தாண்டிப் போக சில விநாடிகள்தான். திரும்பி வர 71 நாள்கள் ஆயின. வந்த வழியாக அல்ல, சீனா வழியாக.

பேருந்து திரும்பும்போது...

இந்தச் சுற்றுலாவுக்கு வரும் அமெரிக்க வீரர்களுடன் சில நேரம் கொரிய இளைஞர்களும் வருவார்கள். கட்டாய ராணுவப் பணியை அமெரிக்கப் படைப்பிரிவிலேயே செய்பவர்கள். ஒரே சீருடை முகாம், ஒரே சாப்பாடு. ஆனால், கோட்டின் முன்னால் நிற்கும்போது இருவரும் ஒன்றல்ல. அமெரிக்க வீரருக்கு அது வேறு யாரோ இருவரின் சண்டை. பணிக்காலம் முடிந்தால் விமானம் ஏறிவிடலாம். கொரிய இளைஞருக்கு அந்தப் பக்கம் இருப்பதும் அவர் பேசும் அதே மொழி. ஒருவேளை, அவருடைய தாத்தா பாட்டியின் ஊர்.

ஒரு மணி நேரத்தில் பேருந்து சியோலுக்குத் திரும்பிவிடும். கடைவீதியில் கூட்டம், காபிக் கடைகளில் சிரிப்பு. எல்லையில் சிரிக்கக் கூடாது என்று அடக்கிவைத்தவர்கள் இப்போது சிரிக்கலாம். போட்டோக்களை வீட்டுக்கு அனுப்பலாம். அந்த நேரத்திலும் நீலக் கட்டடத்தின் அருகே யாரோ இருவர், ஒரு முழ அகலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறை மாற்றிக் காவல் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.