முதுவேனிற் பாட்டு

ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று பழைய உரையாசிரியர்கள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். மதுரைக்காரர் அதை ஆட்சேபிக்க மாட்டார். கொடைக்கானலையும் தாண்டிப் பழனி மலையின் மேற்புறத்திலுள்ள பூண்டியில் அமர்ந்து படித்தாலோ சிரிப்பு வரும். மேல்காற்று கூரையைத் தூக்குகிறது. பூண்டு வயல்மேல் மஞ்சு இறங்குகிறது. கம்பளியின்றி வாசலுக்கு வர முடியாது. இந்த ஊரில் பாலைப் பாட்டை எப்படி ரஸிப்பது?

வெயிலில் காய்ந்தவனுக்குத்தான் அது விளங்கும் என்பது என் கட்சியல்ல. அகநானூற்றின் 400 பாட்டுக்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாட்டும் பாலை. சரி பாதி! தமிழ்நாட்டில் பாதி நிலம் பாலைவனமாக இருந்ததோ? இல்லவே இல்லை. குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்த கோலமே பாலை என்பது சிலப்பதிகாரத்தின் கொள்கை. தனக்கென்று நிலமில்லாத அந்தத் திணைக்கு உரிய பொருள் பிரிவு.

கலித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1887-ல் சி. வை. தாமோதரம் பிள்ளை அதை அச்சேற்றினார். அதிலுள்ள பாலைக்கலி, பெருங்கடுங்கோ பாடியதாக வழங்குவது; 35 பாட்டுக்கள். அவற்றுள் பலவற்றில் வெயிலைப் பற்றிப் பேசுகிறவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? அந்த வழியில் நடந்து களைத்தவன் அல்லன்; வீட்டிலிருக்கும் தோழி! பொருள் தேடப் புறப்படுகிறவனை எப்படியாவது நிறுத்த வேண்டும். "போகாதே" என்றால் மட்டும் கேட்டுவிடுவானா? ஆகவே வற்றிய சுனையையும், வாடிய மரத்தையும், வழிப்பறிக் கள்வரையும் ஒவ்வொன்றாக அவன்முன் எடுத்து வைக்கிறாள். இலக்கணக்காரர் இதற்குச் 'செலவழுங்குவித்தல்' என்று பெயரிட்டார்கள். வர்ணனையின் வேஷம் பூண்ட மன்றாட்டு இது. நாமோ, உபாத்தியாயர்கள், 'இயற்கை வர்ணனை' என்று தலைப்புக் கொடுத்து நெட்டுருப் போடச் சொல்கிறோம். பாட்டின் உயிர் அங்கேயே போய்விடுகிறது.

தோழியின் பேச்சு என்று சொல்லிப் படித்துக் காட்டியபோது, வெயிலறியாத எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு உரை தேவைப்படவில்லை. ஒரு சிறுமி எழுந்து, "எங்கள் அம்மாவும் அண்ணனிடம் இப்படித்தான் சொன்னாள், ஐயா. திருப்பூரில் வெயில் தாங்காது, தண்ணீர் வாயில் வைக்க முடியாது, உனக்கு உடம்புக்கு ஆகாது என்று ராத்திரி முழுவதும் சொன்னாள்" என்றாள். அந்தத் தாய் திருப்பூரைப் பார்த்ததே இல்லையாம்.

பாலைக்கலியில் சில தலைவர்கள் பயணத்தை நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பையன் மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டான்.